கொக்கியில் நின்ற கதவு

மாப்பிள்ளையூரணியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் வேல்ராஜிடம் வருகிற வண்டிகளில் பாதி, உப்புக்காற்று தின்றவை. நசுங்கியதைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் புதுவண்டி மாதிரி நிற்கும். அதில் அவனுக்கு நல்ல பேர்.

போன டிசம்பரில் நாசரேத் ஊரிலிருந்து செல்வதுரை சார் தன் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். பெயின்ட் அடிக்கக் கதவுகளைக் கழற்றினால் பாடியின் பலம் குறையாதா என்று கேட்டார்.

"கதவு சும்மா கீல்ல தொங்குது சார். பலமெல்லாம் அடிச்சட்டத்துலயும் தூண்லயும்லா இருக்கு" என்றான் வேல்ராஜ்.

பொய்யில்லை. நல்ல வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் கழற்றிய பிறகுதான், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் துருவேறிப் பொடிந்திருந்தது தெரிந்தது. அதுவரை பூட்டிக் கிடந்த கதவுதான் வண்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இப்போது பாடி தொய்ந்துவிட்டது. மறுபடி மாட்டிய கதவு பூட்டில் விழவில்லை. சட்டத்தை வெட்டி மாற்ற நாளாகும். சாரோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் வண்டி வேண்டும் என்றிருந்தார். வேல்ராஜ் பூட்டுக் கொக்கியைத் தட்டி வளைத்தான். ஓட்டைகளில் பட்டி பூசினான். கதவு ஒருவழியாக மூடிக்கொண்டது. சட்டம் இற்றுப்போனதைச் சாரிடம் சொல்லாமலே வண்டியை ஒப்படைத்தான்.

பொங்கல் கழிந்து, கயத்தாறு பக்கம் ஒரு வளைவில் அந்தக் கதவு திறந்துகொண்டது. பெல்ட் போடும் பழக்கமில்லாத சாரின் மனைவி கிருபை டீச்சர் ரோட்டில் விழுந்தார்; தோள் எலும்பு முறிந்தது.

வேல்ராஜ் அவர்கள் வீட்டுக்குப் பார்க்கப் போனான். வந்தவர்களிடமெல்லாம் டீச்சர் கணவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவுக அடைச்ச கதவுதான். ஒழுங்கா அடைக்கல." சார் தலையைக் குனிந்தபடி, ஆமாம், தன் கவனக்குறைவுதான் என்றார்.

கொடுத்த காப்பியை வேல்ராஜ் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். விடைபெற்று, செருப்பில் கால் நுழைத்தவன் திரும்பி உள்ளே வந்தான்.

"சார் மேல தப்பில்ல டீச்சர். அந்தக் கதவு நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வண்டியக் குடுத்தேன்."

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை, கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்தான் பேசினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்போமே வேல்ராஜ்."

ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சட்டத்தை மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினான். சார் கேட்கவில்லை; வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் வேல்ராஜ் முதலில் சட்டத்தைத்தான் குத்திப் பார்க்கிறான். இற்றிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

டீச்சர் பள்ளிக்குத் திரும்பிவிட்டாராம். கை தோளுக்கு மேலே எழும்பாததால் போர்டில் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து, நாசரேத் வண்டி எது வந்தாலும் அவனுக்குக் கை ஓடுவதில்லை.