பூசினாற்போல் ஓர் உடம்பு

சிகந்தராபாத் ரெஜிமெண்டல் பஜாரில், டாக்டர் ரூஃபஸின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றைத்தான்: உடம்பு வைக்க ஒரு டானிக். காய்ச்சலில் விழுந்து எழுந்தவன் கேட்டான், பிள்ளை பெற்றவள் கேட்டாள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தவர்கள் அந்தப் பெண்ணையே இழுத்துவந்து கேட்டார்கள். கலக்கிக் கலக்கி என் கை ஓய்ந்துபோனது. உடம்பைக் குறைக்க மருந்து கேட்டு ஒருவரும் வந்ததில்லை. குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி, அதைக் கேட்டு நடந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் உலகநாதன். அவர் கதையை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "அது சரி, நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போனீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

உலகநாதனுக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். நிஜாம் ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்து வந்து இறங்கியபோது சவுக்குக் கம்பு மாதிரி இருந்தாராம். பிறகு மங்கையர்க்கரசி அம்மாளைக் கட்டிக்கொண்டார். ரயில் பாதையை ஒட்டிய சிலக்கல்கூடா லைன் வீட்டில் அந்த அம்மாள் ஆக்கிப் போட்டே அவரை ஆளாக்கினார். நானும் அதே லைனில் சற்றுத் தள்ளிக் குடியிருந்தேன். நெய் காயும் வாசனை வந்தால், உலகநாதன் டூட்டி முடிந்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். ஊரிலிருந்து உறவுக்காரர் யார் வந்தாலும் வாசலில் நின்றபடியே அவர் கன்னத்தைப் பார்ப்பார்கள். "இப்பதான் பூசினாப்பல கீறாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த அம்மாளுக்கு அன்றைக்கெல்லாம் காலில் சலங்கை கட்டினாற்போல் இருக்கும்.

நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் உடம்பை அளந்துவிடுவார்கள். இளைத்துவிட்டாயே என்றால் அது துக்கம் விசாரிப்பது. பூசினாற்போல் இருக்கிறாய் என்றால் அது வாழ்த்து. கணவன் இளைத்தால் பெண்டாட்டி சோறு போடவில்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் வெளியில் சொல்ல முடியாத நோய். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

முப்பத்தெட்டாம் வருஷ வாக்கில் உலகநாதனுக்குப் பிடரி கனக்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பார்சல் தராசின் முன்னால் நிற்கும்போதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிவிட்டது. அங்கே எடை போடும் அப்துல் ரஹீம்தான் அவரை டாங்கா வண்டியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். டாக்டர் அவர் புஜத்தில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"ரத்தக் கொதிப்பு" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தைதான் முதல் வினை. கொதிப்பு என்று காதில் விழுந்ததும் மங்கையர்க்கரசி அம்மாள் சூடு என்று எடுத்துக்கொண்டார். கொதிப்பதைக் குளிர்விக்க வேண்டாமா? காலையில் வெண்ணெய் உருண்டை. பகலில் கட்டித் தயிர், உப்புப் போட்ட மோர், தொட்டுக்கொள்ள ஆவக்காய். வாரம் இரண்டு தரம் எண்ணெய்க் குளியல், குளித்த அசதிக்கு ஒரு தூக்கம். மாதம் திரும்புவதற்குள் சட்டைப் பொத்தான் வயிற்றில் நிற்கவில்லை. மறுபடி பட்டையைச் சுற்றிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் உலகநாதன், கொதிப்புன்னா சூடு இல்ல. ரத்தம் குழாயில முட்டி மோதிக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். உடம்பு பெருக்கப் பெருக்க, அவ்வளவு உடம்புக்கும் இருதயந்தான் ரத்தம் தள்ளணும். அது எத்தனை நாளைக்குத் தள்ளும்? உடம்பைக் குறைங்க, உப்பைக் குறைங்க. இதுக்குக் குடுக்க என்கிட்ட மருந்து கிடையாது. இல்லேன்னா ஒருநாள் மூளைக்குள்ள குழாய் வெடிச்சுப் போகும்."

உலகநாதன் பயந்தார். பயந்ததால் கேட்டார். நெய் நின்றது, ஊறுகாய் நின்றது, சோறு பாதியானது. ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். வெள்ளிக்கிழமைதோறும், தொழுகைக்குப் போவதற்கு முன்னால், அப்துல் ரஹீம் அவரைப் பார்சல் தராசில் ஏற்றி நிறுப்பார். ரயில்வே கணக்கில் இரண்டரை மணங்குக்கு மேலிருந்த ஆள் சேர் சேராகக் கரைந்தார். "ஹவ் சாப், கம் ஹுவா", குறைந்துவிட்டது என்று ரஹீம் சிரிப்பாராம். மழைக்காலம் முடியும்போது டாக்டர் பட்டையைச் சுற்றினார். பாதரசம் பாதி வழியிலேயே அடங்கிவிட்டது. டாக்டர் நம்பாமல் இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"கிதியோன், தலைமேல யாரோ ஏறி உக்காந்திருந்தாப்பல இருந்தது. இறங்கிப் போய்ட்டாங்க" என்றார் உலகநாதன் என்னிடம். மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறார் என்று ரஹீம் சாட்சி சொன்னார். அந்தச் சில மாதங்கள்தான் அவர் களைப்பில்லாமல் இருந்து நான் பார்த்தவை.

அவருக்கு ஒரே பெண், கமலா. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்வாள், பதிலில் மட்டும் தெலுங்கும் உருதும் வந்து கலந்துகொள்ளும். வேண்டாம் என்பதற்கு அவள் வாயில் நக்கோதான் வரும். அவளுக்குப் பக்கத்தில் மௌலா அலி ஸ்டேஷனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. யார்டு மேஸ்திரி பழனிசாமியின் மகன். அதே ஜனம், அதே சீமை, பையன் நல்ல உத்தியோகம். ஊரை விட்டு இத்தனை தூரத்தில் அப்படி ஒரு இடம் இனி அமையாது என்று லைனே பேசிக்கொண்டது.

பையனின் தாய் கனகவல்லி அம்மாள் சும்மா வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு, பழைய கோட்டுக்குள் தொளதொளவென்று நின்ற உலகநாதனைப் பார்த்தார். அன்றைக்கென்று எஞ்சின் புகை உள்ளே வந்து அவர் இரண்டு தரம் இருமிவிட்டார். அந்த அம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் மௌலா அலியிலிருந்து பேச்சு மூச்சில்லை. கடைசியில், சுற்றி வளைத்து விஷயம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் சயரோகம் இருக்கிறதாம். அப்பனுக்கு வந்தது நாளைக்குப் பெண்ணுக்கும் வருமாம்.

மங்கையர்க்கரசி அம்மாள் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சர்ட்டிபிகேட் எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர்.

"நோய் இல்லன்னு காயிதம் எடுத்துகினு போனா, நோய் கீதுன்னு நாமே சொல்றா மாதிரி ஆயிடும் டாக்டர்" என்றார் அந்த அம்மாள். டாக்டர் எடுத்த பேனாவை மூடிவைத்தார்.

நானே மௌலா அலிக்குப் போனேன். ரத்தக் கொதிப்பு, டாக்டர் சொல்லித்தான் இளைத்தார், இப்போது முன்னைவிடத் திடமாக இருக்கிறார் என்று தொண்டை வறளச் சொன்னேன். கனகவல்லி அம்மாள் சிரித்தார்.

"இன்னாங்க கம்பவுண்டர், எந்த டாக்டராவது கீற உடம்பக் குறைக்கச் சொல்லுவாரா? நீங்களே டானிக் குடுத்துத்தானே பிழைக்கிறீங்க?"

பழனிசாமி சாய்வு நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. அதுவரை வாயே திறக்காதவர், "அவருக்குப் பிடரி கனக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நான் திரும்பிவந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உலகநாதன் மனைவியைக் கூப்பிட்டு, "நெய்ய உருக்கு" என்றார்.

அந்த அம்மாள் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அவருக்கும் அதற்குள் விஷயம் புரிந்திருந்தது. "கல்யாணம் முடியட்டும், அப்பால பழையபடி இளைச்சிக்கிறேன். ஒருவாட்டி இளைச்சவன் இன்னொருவாட்டி இளைக்க மாட்டனா?" என்று கேட்டு உலகநாதன் அந்த அம்மாள் வாயை அடைத்துவிட்டார். டாக்டர் திட்டினார். உலகநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். பிறகு டிஸ்பென்சரிப் பக்கமே வரவில்லை.

மனிதர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், பசியில் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டது இரண்டிலும் சேராது. நைட் டூட்டிக்குப் போகிறவர் மாதிரி எழுந்து போய் இலை முன்னால் உட்காருவார். வயிறு சுருங்கிப்போயிருந்தது. விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி மூச்சு வாங்குவார். பிறகு அடுத்த கவளம். கன்னம் மறுபடி உப்பியது. மேம்பாலத்தில் மறுபடி பாதியில் நிற்க ஆரம்பித்தார். தராசில் ஏறச் சொன்னால் அப்புறம் என்று தட்டிக் கழிக்கிறார் என்று ரஹீம் என்னிடம் வருத்தப்பட்டார்.

தை பிறந்ததும், ஆள் தேறிவிட்டார் என்று சொல்லியனுப்பி, மௌலா அலிக்காரர்களை வரவழைத்தார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது. கனகவல்லி அம்மாள் வாசற்படியில் நின்று உலகநாதனை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப பூசினாப்பல கீறாரு" என்றார். மங்கையர்க்கரசி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சம்பந்திகள் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள். பழனிசாமி கொறித்தாற்போல் சாப்பிட்டார். நெய் வந்தபோது இலை மேல் கை வைத்து மறைத்தார். உலகநாதன் அதைக் கவனித்துவிட்டார். சாப்பாடு பிடிக்கவில்லையோ, இன்னும் சந்தேகம் போகவில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும். தன் இலையைக் காட்டி, "இங்க ஊத்து" என்றார். பரிமாறிக்கொண்டிருந்தவள் கமலா. நெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நக்கோ நைனா" என்றாள் மெதுவாக.

"ஊத்தும்மா."

"நக்கோ நைனா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊற்றினாள். அவர் பிசைந்து சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். எழுந்து போய்க் கத்தவேண்டும் போல எனக்கு இருந்தது. அந்நியன் நான், எந்த உரிமையில் கத்துவது?

வைகாசியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண்ணை மௌலா அலிக்கு வண்டியேற்றிவிட்டுத் திரும்பும்போது உலகநாதன் மேம்பாலத்தின் பாதியில் வழக்கம்போல் நின்றார். கம்பியைப் பிடிக்கப் போன வலது கை பிடிக்கவில்லை. ரஹீம் ஓடிவந்து தாங்கியிராவிட்டால் படிகளில் உருண்டிருப்பார். டாக்டர் சொன்ன குழாய் வெடித்துவிட்டது. உயிர் இருந்தது. வலது பக்கம் போய்விட்டது, வாய் கோணி, பேச்சு குழறிப்போனது.

படுக்கையில் அந்த உடம்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. கஞ்சியை ஸ்பூனில் ஊற்றினால் பாதி வழிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் அப்போதும் விடவில்லை. "ஐயோ, இளைச்சுப் போய்ட்டாரே" என்றார்கள். அவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக் கொடுத்து மங்கையர்க்கரசி அம்மாளும் தேய்ந்துபோனார்.

ஆவணியில் ஒருநாள் பழனிசாமி டிஸ்பென்சரிக்குத் தனியாக வந்தார். டாக்டர் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஏறியது. உலகநாதனுக்கு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன், இது அதற்கும் மேலே போனது. மூச்சு வாங்கிக்கொண்டே பழனிசாமி சொன்னார்:

"ரெண்டு வருஷம் முன்னாடியே காசிப்பேட்ட டாக்டர் சொன்னாரு, உடம்பக் குறைன்னு. பையனுக்குப் பொண்ணு பாக்கிற நேரம். நான் இளைச்சா ஊர் இன்னா சொல்லும்? சம்பந்தி வீட்ல நான் நெய் வாங்கிக்காதது இந்தக் கொதிப்புக்குப் பயந்துதான். அன்னைக்குக் காலைலேர்ந்தே தலை சுத்திகினு கிடந்தது."

நான் மருந்துச் சீசாவைக் கீழே வைத்தேன். இவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். நான் மௌலா அலியில் தொண்டை வறளச் சொன்னபோது, ஆமாம், உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "வாங்க, சம்பந்தியப் பாத்துட்டு வரலாம்" என்று அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன்.

பழனிசாமி கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சம்பந்தி, உங்க பொண்ணு எனக்கு நெய் ஊத்தமாட்டேங்குது. நக்கோ மாமான்னு கிண்ணத்த எடுத்துகினு போய்டுது. குழம்புலயும் உப்பக் காணோம். மாமியாளுக்கும் மருமகளுக்கும் தினம் சண்ட. எனக்கு இன்னொரு பொண்ணு கீது, பங்குனிக்குள்ள முடிச்சுடுவேன். அதுவரைக்கும் நான் இப்படியே இருந்தாத்தான் நல்லது. அப்பால நானே இளைச்சிக்கிறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அது கேக்கும்."

உலகநாதனின் இடது கை மெல்ல நகர்ந்துவந்து பழனிசாமியின் மணிக்கட்டைப் பிடித்தது. பலமெல்லாம் அந்த ஒரு கையில்தான் மிச்சம் இருந்தது. பழனிசாமி விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கோணிய வாயைத் திறந்து உலகநாதன் எதையோ சொல்ல முயன்றார். எச்சில் வழிந்தது. மங்கையர்க்கரசி அம்மாள் துடைக்கக் குனிந்தார். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி முயன்றார். தமிழ் வார்த்தை எதற்கும் அவர் நாக்கு வளையவில்லை. மகளின் வார்த்தைதான் வந்தது.

"நக்கோ" என்றார்.