கண்ணாடியில் நாலு புள்ளி

உட்காருமிடமெல்லாம் செங்கோடனின் வலது கை துண்டுக்குள் போய்விடும். தோளில் கிடக்கும் துண்டைச் சரித்து மணிக்கட்டுவரை மூடிக்கொண்டு, உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். பஸ்ஸிலும் அப்படித்தான், சாவு வீட்டிலும் அப்படித்தான். தாராபுரம் பக்கத்துச் சந்தைகளில் முப்பது வருசமாக மாட்டுத் தரகு. துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலாலேயே விலை பேசி முடிக்கிற தொழில்.

அதனால்தான் தொண்ணூற்று மூன்றில் அவருக்குக் குரல் கம்மியது சந்தையில் யாருக்கும் தெரியவில்லை. மனைவி சாந்தாமணிதான் விடவில்லை.

"ஏனுங்க, தகரத்துல மண்ணப் போட்டு ஆட்டற மாதர இருக்குது உங்க பேச்சு."

"பீடிப் பொகை. சரியாப் போயிரும்."

"அஞ்சு மாசமா இதையேதான் சொல்றீங்க. நாளைக்குக் கோயமுத்தூர் போறோம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோவிந்தராஜுலு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் காட்டிப் பார்த்தார். குரல்வளையில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, கொஞ்சம் சதை வெட்டிப் பார்த்தால் நல்லது என்றார்.

செங்கோடன் கதவைப் பார்த்தார். "கழுத்துல கத்தி வெக்க நா ஒத்துக்க மாட்டனுங்க."

"சரிங்க. இப்போதைக்குப் பஞ்சுல ஒத்தி எடுப்போம். ஒட்டி வர்ற செல்லப் பாத்தா புத்துநோயா இல்லையான்னு ஓரளவுக்குத் தெரியும்."

மரத்துப்போக மருந்தடித்து, வளைந்த கம்பியின் நுனிப் பஞ்சை உள்ளே விட்டார். கண்ணில் நீர் முட்டியது. லேப் பெண் இஸ்மத் அந்தப் பஞ்சை இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் தேய்த்து, ஈரம் காயுமுன் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள். நம்பர் 314. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

மூன்று நாளும் செங்கோடன் தன் குரலைத் தானே ஒட்டுக்கேட்டார். கட்டுத்தரையில் ஆளில்லாத நேரம் பார்த்துக் காளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அது காதை ஆட்டினால் குரல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வியாழக்கிழமை அது திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாந்தாமணி சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். செங்கோடன் லேப் சன்னல் பக்கம் போனார். உள்ளே தட்டில் கண்ணாடிகள் அடுக்கியிருந்தன. எழுத்துத் தெரியாது, எண் தெரியும். 314 எழுதிய ஒரு கண்ணாடி மேல் நீல மையில் நாலு புள்ளி. பக்கத்துக் கண்ணாடிகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

சந்தையில் அடிமாட்டுக்கு விலை முடிந்ததும் முதுகில் சாயப் புள்ளி வைப்பார்கள். அப்புறம் அந்த மாட்டுக்கு யாரும் தண்ணீர்கூடக் காட்டுவதில்லை, லாரிதான். எத்தனை முதுகில் அவரே வைத்திருக்கிறார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வெளியே நடந்தார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் சாந்தாமணி அவரைக் கண்டுபிடித்தாள்.

"டாக்டர் கூப்படறாரு. நீங்க இங்க வந்து உக்காந்துட்டீங்க."

"நா பாத்துப்போட்டேன் புள்ள. புள்ளி வெச்சுப்போட்டாங்க. வெலை முடிஞ்சுது. வா, ஊட்டுக்குப் போலாம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தையில் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தாள். அவருடைய துண்டுக்குள் கையை விட்டு இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"கை துண்டுக்குள்ள இருக்கற வரைக்கும் வெலை முடியலைன்னு நீங்கதான சொல்லுவீங்க. நா இன்னும் கைய உடல."

தாராபுரம் பஸ் வந்து நின்றது. போயிற்று. டாக்டர் அறை வரைக்கும் அந்தத் துண்டு விலகவில்லை.

"புத்து மாதிரிதாங்க தெரியுது," என்றார் டாக்டர். "ஆனா சின்ன எடத்துலதான் இருக்குது. இனிச் சதை எடுத்து உறுதி பண்ணியே ஆகோணும்."

இந்தத் தடவை செங்கோடன் கதவைப் பார்க்கவில்லை. கத்திக்கு ஒத்துக்கொண்டார். புற்றுதான் என்று உறுதியானதும் ஆறு வாரம் கழுத்துக்குக் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்தது, எச்சில் வற்றியது, கரகரப்போடு குரல் மிஞ்சியது.

இரண்டு வருசம் கழித்துச் சோதனைக்கு வந்தபோதுதான் இஸ்மத்திடம் கேட்டார். "ஏன் அம்மணி, எம்பட கண்ணாடிக்கு மட்டும் நாலு புள்ளி வெச்சீங்க?"

"டாக்டர் எந்த எடத்தப் பாக்கோணும்னு அடையாளம் வெக்கறதுங்க அது. நீங்க பாத்தது ரெண்டாவது கண்ணாடி. மொதக் கண்ணாடியில ஒண்ணுமே இல்லீங்க. நல்ல செல்லு மட்டுந்தான். அதுல நா புள்ளியே வெக்கல. அத மட்டும் பாத்திருந்தா, உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு ஊட்டுக்கு அனுப்பியிருப்போமுங்க."