கார்ப்பெட்டும் என் மூச்சும்

இந்த நாட்டில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் கார்ப்பெட் விரித்திருக்கிறது. நீங்கள் தவறாகப் படிக்கவில்லை, குளிக்கிற அறையில்தான். ஷெஃபீல்டுக்கு வந்த புதிதில் நானும் கணவர் கண்ணனும் தொட்டிக்குள்ளேயே நின்று கால்விரல் இடுக்குவரை துடைத்துக்கொண்ட பிறகுதான் வெளியே கால் வைப்போம். எங்கள் ஆலங்குடியில் குளித்துவிட்டு வந்தவரைக் கண்டுபிடிக்க ஈரக்கால் தடமே போதும். இங்கே தண்ணீருக்குப் பயப்படுகிற கார்ப்பெட், ஷூவுக்குப் பயப்படுவதில்லை. ஒருநாள் குழாய் சரிசெய்ய வந்தவர் மழையில் நனைந்த பூட்ஸோடு படுக்கையறை வழியாக நடந்துபோனார். நான் அந்த பூட்ஸையே முறைத்துக்கொண்டு நின்றேன். அவர் மகிழ்ந்துபோய், அதை எந்தக் கடையில் வாங்கினார், எத்தனை வருடம் உழைக்கும் என்று விளக்கிவிட்டுப் போனார்.

ஆலங்குடியில் நான் வளர்ந்த வீட்டுக்குச் சிமெண்டுத் தரை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவி, மூலையில் இருக்கும் ஓட்டை வழியாகக் கொல்லைக்குத் தள்ளிவிடுவாள். அந்த ஈரத்தில் சறுக்கி விளையாடி, என் தம்பி முருகேசன் முன்பல்லில் பாதியை இழந்தான். அப்பாவுக்குக் கடலை மண்டி. கடலை வரத்து தொடங்கினால் மண்டித் தூசி அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும், எனக்கு மூச்சிழுப்பும் கூடவே வரும். அந்த நாள்களில் கழுவித் துடைத்த தரையில் சுவரோடு சாய்த்து என்னை உட்கார வைப்பார்கள். கல்லூரிக்குப் போன பிறகு இழுப்பு நின்றுவிட்டது. என்னை மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அது விசா எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்திருக்கிறது. ஷெஃபீல்டில் இரண்டாவது குளிர்காலத்தில் காலையில் எழுந்தாலே நெஞ்சுக்குள் விசில் சத்தம். மருத்துவமனையில் ஆஸ்துமா நர்ஸ், வீட்டில் கார்ப்பெட் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணன் பெருமையாக, “எல்லா ரூமிலும் இருக்கிறது, பாத்ரூமில்கூட” என்றார். நர்ஸ் பாத்ரூம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். தரையை மாற்றினால் ஆஸ்துமா ஓடிவிடாது, மருந்தை ஒழுங்காக இழுக்கத்தான் வேண்டும். ஆனால் கார்ப்பெட்டின் அடியில் தூசியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் குடியிருக்கும். படுக்கையறையிலாவது வினைலோ மரமோ, ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி ஒரு தரை இருந்தால் நல்லது.

வீட்டுக்காரர் மிஸஸ் டாஸனிடம் போய், “படுக்கையறைக்குக் கார்ப்பெட் சரியில்லை” என்றேன். ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லவில்லை. நோயாளி என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று ஊர்ப் பயம். அவர் மறுநாளே, கார்ப்பெட் துண்டுகள் ஒட்டிய ஒரு பெரிய மாதிரிப் புத்தகத்தோடு வந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு துண்டாகத் தடவிக் காட்டினார். யாராவது ஆசையாக ஒரு பொருளைக் காட்டினால் நல்லா இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க நம்மால் முடியுமா? சேலையோ, மருமகளோ, புது பைக்கோ, எது காட்டினாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தானே மற்றது பேசுவோம். நானும் ஒவ்வொன்றுக்கும் சொல்லி வைத்தேன். அடுத்த வாரம் பழைய கார்ப்பெட் போனது. அதைவிட இரண்டு மடங்கு தடிமனாக, கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிற மாதிரி புதியது வந்து சேர்ந்தது. மூன்று வருடம் அதன்மேல் படுத்து எழுந்தேன்.

ஊரில் யாருக்கும் இழுப்பு திரும்பியதைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸாப்பில் எப்போதும் நலமாக இருக்க வேண்டும் என்பது ஒரு எழுதாத சட்டம். இதற்கிடையில் முருகேசன், அப்பா விட்டுப்போன மனையில் தன் வீட்டை ஒட்டி, நாங்கள் வந்தால் தங்குவதற்கு ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கட்ட ஆரம்பித்தான். அப்பாவுக்குப் பிறகு மண்டியையும் அவன்தான் பார்க்கிறான். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தரை மட்டும் தொடைக்கிற மாரி இருக்கட்டும்டா. டைல்ஸோ மொசைக்கோ, எதுனாலும் சரி.”

“நீ பேசாம இரு அக்கா, நான் பாத்துக்கிறேன்” என்றான். வீடியோ காலில் என்னிடம் பேசும்போதெல்லாம் அவன் கண் எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

போன வருடம் பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள் போய் இறங்கினோம். எங்கள் ஊருக்கு முன்னால் வரும் திருவரங்குளம் தாண்டியதுமே எனக்கு நெஞ்சு லேசானது போல ஒரு நினைப்பு. மூன்று வாரம் வெறுந்தரையில், வெறுங்காலோடு, விசில் இல்லாமல் இருக்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். முருகேசன் கூடத்தைக் காட்டினான். பளபளவென்று டைல்ஸ். படுக்கையறை வாசலில் என்னை நிறுத்தினான்.

“அக்கா, கண்ண மூடு. இப்பத் தொற.”

சுவரிலிருந்து சுவர்வரை அரக்குச் சிவப்பில் கார்ப்பெட்.

“எப்புடி இருக்கு? நீ அங்க இருக்க மாரியே இங்கயும் இருக்கணும்னு திருச்சிக்கு ரெண்டு தடவ அலைஞ்சு வாங்கியாந்தேன். போன்லயே கலர் பாத்து வச்சிருந்தேங்க்கா.”

பாதிப் பல் தெரியச் சிரித்தான். கண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“நல்லாருக்குடா.”

மறுநாள் பால் காய்ச்சியதும் சொந்தக்காரர்கள் அந்த அறை வாசலில் கூடினார்கள். செருப்பைத் தெருவிலேயே விட்டுவந்தவர்கள் அவர்கள், ஆனாலும் ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. “காலக் கழுவிட்டு வரட்டுமாப்பா?” என்று ஒரு சித்தப்பா கேட்டார். குழந்தைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. வடையோடு உள்ளே போய் உருண்டார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் தம்பி மனைவி வளர்மதி, “மதினி, நீங்க செத்த நேரம் படுங்க, நான் கூட்டி விட்டுர்றேன்” என்று தென்னை விளக்குமாற்றோடு வந்தாள். புதுப் பொருளுக்கு மரியாதையாக, முற்றத்தில் சாணி வழிக்கிற வேகத்தில் கூட்டினாள். வடைத்தூளோடு கார்ப்பெட்டின் ரோமமும் சிவப்பாக எழும்பியது.

அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வாய் காற்றுக்காகச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணன் என்னைக் கூடத்துக்கு இழுத்துவந்து உட்கார வைத்து, நீல இன்ஹேலரை வாயில் வைத்தார். இரண்டாவது முறை, மூன்றாவது முறை. முருகேசன் காரை எடுக்க ஓடினான். அவன் திரும்பி வந்தபோது மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க ஆரம்பித்திருந்தது. செத்துவிடுவேனோ என்று பயந்தேன், அதை மறைப்பானேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு, சாயங்காலம் முருகேசன் டைல்ஸ் தரையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“எத்தன நாளா இருக்கு?”

“மூணு வருசத்துக்கு மேலடா.”

“அங்கயும் கார்ப்பெட்டுலதானக்கா இருக்க?”

“அதுனாலதான்டா. அத விட்டுத் தப்பிச்சு ஓடியாந்தேன். நீ இங்கிட்டு விரிச்சு வச்சிருக்க.”

சிரிப்பான் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “நல்லாருக்குன்னு சொன்னியேக்கா” என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் மனம் நோகக்கூடாது என்று நான் சொன்ன சொல்தான் அவனை நோகடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவனே அதைப் பிய்த்தெடுத்தான். அடியில் டைல்ஸ் இல்லை. மூடித்தானே இருக்கப்போகிறது என்று சிமெண்டோடு விட்டிருக்கிறான்.

“நாளைக்கே டைல்ஸ் போட்டுர்றேன்.”

“வேணாம். சிமெண்டுப் பால் விட்டு, தூசி கெளம்பாம வழவழன்னு இழைச்சு விடச் சொல்லு.”

“ஃபாரின்காரங்க ரூமுல சிமெண்டுத் தரையான்னு ஊரே சிரிக்கும்க்கா.”

“சிரிக்கட்டும். நான் மூச்சு விடுறேன்.”

வளர்மதியும் விளக்குமாற்றை வைத்துவிட்டு ஈரத்துணிக்கு மாறினாள். கார்ப்பெட், மண்டி ஆபீஸ் அறைக்குப் போனது. கடலைத் தூசியும் அதுவும் நன்றாக ஒத்துப்போக, முருகேசன் இப்போது தும்மிக்கொண்டே வியாபாரம் பார்க்கிறான். தூக்கி எறியடா என்றால், திருச்சிக்கு இரண்டு தடவை அலைந்ததை நினைவுபடுத்துகிறான்.

ஷெஃபீல்டுக்குத் திரும்பியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் மிஸஸ் டாஸன் வீட்டுக்குப் போய், எனக்கு ஆஸ்துமா, இந்தக் கார்ப்பெட் என் மூச்சைப் பிடிக்கிறது என்று சொன்னேன். “மூன்று வருடமாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். “நீங்கள் மிகவும் ஆசையாகக் காட்டினீர்கள்” என்றேன். அவருக்கு அது புரியவேயில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை. இரண்டே வாரத்தில் படுக்கையறைக்கு வினைல் வந்தது. மரம் மாதிரி கோடு போட்ட வினைல். குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் அதில் நடக்க முடிகிறது, ஆனால் காலை விசில் பாதியாகக் குறைந்துவிட்டது. குளியலறைக் கார்ப்பெட்டை மட்டும் தொடக்கூடாதாம், அவருடைய மறைந்த கணவர் தேர்ந்தெடுத்ததாம். சரி, அந்தச் சண்டை மிச்சம் இருக்கட்டும்.

போன வாரம் முருகேசன் அழைத்தான். குரலில் பதற்றம்.

“அக்கா, ஒன் ரூம் அலமாரியில நீல மருந்து கெடந்துச்சு. விட்டுட்டுப் போயிட்டியா? கூரியர்ல போட்டு விடவா?”

“இங்க வேற இருக்குடா. அது அங்கயே இருக்கட்டும்.”

“இன்னக்கி வெள்ளிக்கெழம, வளரு ஒன் ரூமத் தொடைச்சிச்சு. அலமாரியில தனியாக் கெடக்க வேணாம்னு அதத் தூக்கி அங்க உள்ள சாமி படத்துக்கிட்ட வச்சிட்டேன். பாரு.”

போனைத் திருப்பிக் காட்டினான். ஈரம் மினுங்கும் சிமெண்டுத் தரைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு என் இன்ஹேலர் நின்றது. இங்கே என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றைக் கையில் எடுத்தேன். அதற்குப் பொட்டு இல்லை.

“எப்புடி இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லாருக்குடா” என்றேன். இந்தத் தடவை அது நிஜம்.