துவைக்கிற கல்லும் வெள்ளைப் பெல்ட்டும்

இலவசமாகக் கிடைக்கிற எதிலும் ஒரு பெரிய அசௌகரியம் உண்டு. குறை சொல்ல முடியாது. ஓட்டலில் சாம்பார் உப்புக் கரித்தால் சர்வரைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். கல்யாண வீட்டில் கரித்தால் ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு மோரை வாங்கி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான் கராத்தே கற்றுக்கொண்டது கல்யாண வீட்டு ரகம்.

அறுபதுகளின் கடைசி அது. கராத்தே என்று சொன்னால் எங்கள் ரயில்வே ஆபீஸில் பாதிப் பேர் அது பலகாரமா வியாதியா என்று கேட்டார்கள். பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால், பங்குச் சாமியார் வீட்டுச் சமையல்கட்டை ஒட்டி ஒரு முற்றம் இருந்தது. அங்கேதான் வகுப்பு, விடியற்காலையில். சொல்லிக் கொடுத்தவர் பினாங்கில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியபோது ஜப்பானியர் ஒருவரிடம் முறைப்படி கற்று, ஊர் திரும்பியவர். பகலில் ஒரு காலேஜ் ஆபீஸில் ஹெட் கிளார்க். அவருக்கும் என் வயதுதான், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. நாங்கள் அவரை மாஸ்டர் என்போம்.

நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வீரம் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தோளால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, “பாத்துப் போய்யா” என்று என்னையே அதட்டினான். நான் அவனிடம் “சாரிங்க” என்றேன். அன்று ராத்திரி முழுக்க அந்த ‘சாரிங்க’ என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்றுதான் போனேன்.

முதல் நாள், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

“ஃபீஸெல்லாம் கிடையாதுங்க” என்றார் மாஸ்டர். “காசு குடுத்தீங்கன்னா கேள்வி கேப்பீங்க. இங்க ரெண்டும் கிடையாது. நில்லுங்க.”

நின்றேன். சுமார் ஒரு வருஷம் நின்றேன். குதிரைமேல் உட்கார்ந்திருப்பது போலக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்பது. எல்லாம் இருக்கும், குதிரைதான் இருக்காது. பின்னால் வந்து தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்ப்பார். அசைந்தால் திரும்ப நிற்க வேண்டும். உதைப்பது, கையால் ஓடு உடைப்பது எல்லாம் எப்போது என்று கேட்க வாய் வரும். காசு கொடுக்காத வாய். மூடிக்கொள்ளும்.

வீட்டில் வேறு விதமான நெருக்கடி. என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. ஸ்ரீரங்கத்திலேயே குடியிருக்கிறோமே, விடிந்ததும் பெருமாளின் முதல் தரிசனமான விஸ்வரூப சேவையைக் கண்ணாரச் சேவிக்க வேண்டும். அவள் உயரம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. திரை விலகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும், முன்னால் ஒரு முதுகு வரும், அவ்வளவுதான். “கூட ஒரு ஆம்பளை நின்னா இப்படித் தள்ளுவாளா?” என்பாள். அந்த ஆம்பளையோ அதே நேரத்தில் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, மாதா கோயில் கொல்லையில் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பான்.

ஒரு வழியாக நிற்பது முடிந்து ‘கத்தா’ ஆரம்பித்தது. நாலு பக்கமிருந்தும் எதிரிகள் வருவதாக நினைத்துக்கொண்டு, தடுத்து, குத்தி, திரும்பி, வரிசை மாறாமல் செய்கிற அடவு. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிய வேண்டும். அதில்தான் என் தலைவிதி குறுக்கே வந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு துவைக்கிற கல். முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் பலகை. சாமியார் வீட்டுச் சமையல்காரர் அதில்தான் அங்கிகளை அடித்துத் துவைப்பார். நாலாவது எட்டு எடுத்து வைத்தால் நேராக அந்தக் கல்லில் போய் என் முழங்காலெலும்பு முட்டும். மற்றவர்களுக்கு முட்டாது. என் இடத்துக்கு முன்னால்தான் கல்.

இடம் மாறி நிற்கலாமே என்று தோன்றும். முடியாது. யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் முன்வரிசையில் வலப்பக்கமிருந்து என்று பினாங்கில் ஒரு முறை இருந்ததாம். மாஸ்டர் அதை எழுத்துப் பிசகாமல் இங்கே கொண்டு வந்திருந்தார். நான் நகர்ந்தால் என்னைவிடப் புதியவர் ஒருவர் எனக்கு மூத்தவராகிவிடுவார். அதனால் மாஸ்டர் யோசித்து ஒரு வழி சொன்னார்:

“நீங்க கல்லைச் சுத்தி வாங்க. வலப்பக்கம் ஒரு எட்டு, அப்புறம் முன்னால, அப்புறம் இடப்பக்கம் ஒரு எட்டு.” பிறகு மற்றவர்களைப் பார்த்தார். “எல்லாரும் அப்படியே செய்யுங்க. வரிசை கோணக்கூடாது.”

ஆக, ஒருவன் முன்னால் இருந்த கல்லை மொத்த வகுப்பும் சுற்றி வந்தது. என் பக்கத்தில் நின்றவர் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வாய் சும்மா இருக்காது.

“சாமி, எங்களுக்கெல்லாம் எதிரி கற்பனைதான். உங்களுக்கு மட்டும் ஒருத்தன் நெசமாவே நிக்கிறான் பாருங்க” என்பார், உதடு அசையாமல்.

மாதங்கள் போயின. மாஸ்டர் செய்து காட்டும்போது அவருமே அந்த இரண்டு எட்டையும் வைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது ஜப்பானிலிருந்தே வந்தது என்று நினைப்பு.

அப்போதுதான் பரீட்சை வந்தது. பினாங்கில் அதே ஜப்பானியரிடம் மாஸ்டருக்கு முன்பே கற்றவர், நாகூர்க்காரர், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். வழியில் இறங்கி எங்களைச் சோதித்து, தேறியவர்களுக்கு, ஆரம்பக்காரர்களின் வெள்ளைக்கு அடுத்த மஞ்சள் பெல்ட் கொடுப்பதாக ஏற்பாடு. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஏன்னா, ரெண்டு வருஷமா அந்த வெள்ளைத் துணியைத்தான் இடுப்புல சுத்திண்டு இருக்கேள். நாளைக்குத் தேறினேள்னா நான் வாயைத் திறக்கலை. தேறலேன்னா அந்தக் குதிரையை விட்டு இறங்கி, தினம் என்னோட விஸ்வரூபத்துக்கு வரணும். சரியா?”

சரி என்றேன். தேறிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

பரீட்சையன்று மழை. முற்றம் சேறாகிவிட்டதால் பங்கு ஹாலைத் திறந்துவிட்டார்கள். வழவழவென்று சிமெண்ட் தரை. ஒரு தடங்கல் கிடையாது. நாகூர்க்காரர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் குத்தியதையும் தடுத்ததையும் பார்த்து, “மாஷா அல்லா, சத்தம் நல்லாத்தான் வருது” என்றார். பிறகு கத்தா. மாஸ்டர் எண்ணினார். நாலாவது எண்ணுக்கு நாங்கள் அத்தனை பேரும் ராணுவ ஒழுங்கோடு வலப்பக்கம் ஓர் எட்டு வைத்து, முன்னால் போய், இடப்பக்கம் ஓர் எட்டு வைத்து வரிசைக்கு வந்தோம். ஒருவர் கால் பிசகவில்லை.

நாகூர்க்காரர் கையைத் தூக்கினார். முதல் வரிசையில் நான் எதிரே இருந்ததால் என்னைக் கேட்டார்.

“அந்த எட்டு எதுக்கு வச்சீங்க? அங்கேருந்து எவன் வர்றான்?”

“யாரும் வரலைங்க. கல்லு.”

“எந்தக் கல்லு?”

“துவைக்கிற கல்லுங்க. வெளியில இருக்கு.”

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. திரும்பி ஹாலின் தரையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

“சரி. இங்க கல்லு இல்ல பாருங்க. அது இல்லாம திரும்பச் செய்ங்க, ஒவ்வொருத்தரா.”

மற்றவர்கள் ஒரு தரம் தடுமாறி, மறுதரம் சரி செய்துகொண்டார்கள். அவர்கள் கல்லை மரியாதைக்காகச் சுற்றியவர்கள்தானே. நான் அப்படி இல்லை. அதில் முட்டி ரத்தம் பார்த்தவன். என் மூளை ‘நேராகப் போ’ என்றது. நாலாவது எட்டில் என் கால், ஆபீஸில் பியூன் என்னை மதிக்கிற அளவுக்கு மூளையை மதித்துவிட்டு, வலப்பக்கம் போனது. இன்னொரு தரம். அதேதான்.

நாகூர்க்காரர் நல்ல மனுஷர். எழுந்து வந்து, கல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தானே நின்றுகொண்டார்.

“இப்ப கல்லை மறந்துடுங்க. நான்தான் எதிரி. என்னை இடிச்சுத் தள்ளுற மாதிரி நேரா வாங்க. பயப்படாதீங்க.”

வந்தேன். முழு வேகத்தில் வந்து, அவருக்கு ஓர் அங்குலம் முன்னால், அவரை அழகாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். போகிறபோது வாய் தானாக, “சாரிங்க” என்றது.

திருவெறும்பூர்க்காரர் சிரிப்பை அடக்கிய சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அவருக்கு மஞ்சள் பெல்ட். எல்லோருக்கும் மஞ்சள் பெல்ட். எனக்கு மட்டும், “இன்ஷா அல்லா, அடுத்த தடவை பாக்கலாம்.”

சைக்கிளை எடுக்கும்போது மாஸ்டர் குடையோடு வந்து நின்றார்.

“வரிசையையே ரெண்டடி பின்னால தள்ளி நிறுத்தியிருந்தா கல்லு குறுக்க வந்திருக்காது” என்றார், அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல. “நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க?”

மாதம் அஞ்சு ரூபாய் வாங்கியிருந்தால் நான் அந்த இடத்தில் என்ன பேசியிருப்பேன் என்று இன்றைக்கும் வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம். அன்று வந்தது, “போயிட்டு வரேன் மாஸ்டர்” மட்டும்தான்.

வீட்டில் விவரம் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். “காலம்பற நாலு மணிக்கு எழுப்பறேன்” என்றாள்.

மறுநாள் விஸ்வரூபம். யானை வந்து நின்றது. பசு வந்து, வழக்கப்படி பெருமாளுக்கு முதுகைக் காட்டி நின்றது. உள்ளே வீணைச் சத்தம். திரை விலகப் போகிறது என்று தெரிந்ததும் பின்னாலிருந்து அந்தப் புகழ்பெற்ற தள்ளு கிளம்பியது.

“ஏன்னா, தள்ளறா! பிடிச்சுக்கோங்கோ!”

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். காலை அகட்டினேன், முழங்காலை மடக்கினேன், முதுகை நிமிர்த்தினேன். ஒரு பெரிய தோள் வந்து மோதியது. அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் மோதினார்கள். அசையவில்லை. ‘சாரிங்க’ வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாயிற்று. அதில் என் மனைவி நின்றாள். நான் மட்டும் எதையும் பார்க்கவில்லை. அந்தச் சன்னிதியில் பெருமாளுக்கு முதுகு காட்டி நிற்கிற உரிமை பசுவுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்று முதல் இரண்டு பேர்.

வெளியே வரும்போது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“கண்குளிர சேவிச்சேன். திருவடி வரைக்கும். நீங்க சேவிச்சேளோ?”

“கூட்டத்தைச் சேவிச்சேன்.”

“பரவாயில்லை” என்றாள். “அந்த நாகூர்க்காரருக்கு ஒண்ணும் தெரியலை. நாளைக்கும் இப்படியே நில்லுங்கோ, என்ன?”