காலி பாட்டில் பார்க்கிறவள்

லேபிளில் அந்தப் பானத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைப் படித்தவர் யாரும் இல்லை. கடையில் போய் "ஒரு சிவப்பு" என்றால் போதும். ஏதோ ஒரு மூலையில் கலக்கிய இனிப்புச் சோடா, எப்படியோ நாடு முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. வயிறு வலித்தாலும் சிவப்பு, பரீட்சையில் தேறினாலும் சிவப்பு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் லீவு முடிந்து கிளம்பும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் அதைத்தான் அடைக்கிறார்கள். பெரிய பெரிய கோலாக்கள் வந்து மோதிப் பார்த்துவிட்டு மூக்குடைபட்டதுதான் மிச்சம்.

அந்தச் சிவப்பின் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. கடைகளிலிருந்து திரும்பி, கழுவி வரும் காலி பாட்டில்கள் வெள்ளை விளக்கின் முன்னால் வரிசையாக நகரும். உள்ளே தூசி, துரும்பு, சிகரெட் துண்டு என்று எது கிடந்தாலும் அந்தப் பாட்டிலை எடுத்து ஒதுக்க வேண்டும். மனிதர்கள் பாட்டிலுக்குள் எதையெல்லாம் போடுவார்கள் என்று அவள் சொல்லக் கேட்டால் சாப்பாடு இறங்காது. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு 'டார்ச்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. கண் மங்கியவர்களை லேபிள் ஒட்டும் பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்த நாள் தனக்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் ஆளுக்கொரு சிவப்பைத் திறந்து கொடுத்தாள்.

"நீங்க பார்த்து அனுப்பினதுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம், சம்பந்தியம்மா!" என்று சொல்லி, பையனின் அப்பா உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைத் தூக்கினார். மனிதர் கொஞ்சம் நாடகக்காரர்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். பாட்டிலுக்குள் கறுப்பாக ஒரு துரும்பு மிதப்பதை அவள் பார்த்தாள். வாயைத் திறந்தால் மானம் போகும், பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கை முந்திக்கொண்டு பாட்டிலைப் பிடித்தது.

"குடிக்காதீங்க! உள்ளே ஏதோ கிடக்குது."

பாட்டில் கை மாறியது. அவர் பார்த்தார், அவர் மனைவி பார்த்தாள், மகள் கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"எனக்குத் தெரியுதுடி. இதோ, நகருது பாரு."

மகளின் பாட்டிலைப் பிடுங்கித் தூக்கினாள். அதிலும் துரும்பு. தன்னுடையதிலும். நிமிர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் அது மெதுவாக நீந்தியது.

"வீட்டுக்கு வந்தும் டூட்டியா?" என்று பையனின் அப்பா சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சுவரையே பார்த்தாள். ஒதுக்குகிற பாட்டில்கள் கொஞ்ச நாளாகக் கூடிக்கொண்டே போனதும், ஜனங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று தான் திட்டித் தீர்த்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் விளக்குப் போடுவதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"என்னை லேபிள் பக்கம் மாத்திடுங்க சார்."

"ஏன், டார்ச்சுக்கு பேட்டரி போயிடுச்சா?"

"நான் ஒதுக்கினதுல பாதி நல்ல பாட்டில் சார். அதுகூடப் பரவாயில்ல. நல்லதுன்னு விட்டதுல என்ன போச்சுன்னு எனக்குத் தெரியல."

அவருடைய சிரிப்பு நின்றது. போன வாரத்துச் சரக்கு அதற்குள் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது.