அன்பியங்களைப் பிரித்த லேப்டாப்

ஊரைக் கூட்டிவிடலாம், சமமாகப் பிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. கணபதி ஏரியாவில் எங்கள் மாதா கோவிலின் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் வாராவாரம் கூடி ஜெபிக்கும் குழுக்கள், ஒன்று நாற்பது வீடும் இன்னொன்று எட்டு வீடுமாகக் கிடந்தன. "கான்வென்ட்ல படிச்சவங்கதானுங்களே" என்று ஃபாதர், ஆறாகப் பிரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார். இப்படி மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

இதற்கென்றே லேப்டாப்பில் போடும் மென்பொருள் இருக்கிறது, இலவசம். வீடு ஒரு புள்ளி; வீட்டு ஆட்கள் எத்தனையோ, அது புள்ளியின் எடை. பழகும் வீடுகளுக்கு நடுவே கோடு. நெருக்கம் கோட்டின் எடை. குழுக்கள் சம எடையாகவும், அறுபடும் கோடுகளின் எடை குறைவாகவும் வருகிற மாதிரி வெட்டித் தரும்.

பத்துக்குப் பத்து

யாரோடு எவ்வளவு நெருக்கம், பத்துக்கு மார்க் போடுங்கள் என்று தாள் கொடுத்தேன். எல்லாரும் எல்லாருக்கும் பத்து. மதில் தகராறில் மூன்று வருடமாக முகம் பார்க்காத இரண்டு வீடுகளும்கூட. எல்லாக் கோடும் ஒரே எடையானால் மென்பொருள் எதைப் பார்த்து வெட்டும்? தகராறு வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த ஸ்டெல்லாவைப் பிடித்துக் கேட்டேன்.

"பேசறதில்லைங்க. அதுக்காக மார்க்கைக் கொறைச்சுப்போட்டா மரியாதையா இருக்குங்களா?"

இட்லி மாவு

கேள்வியை மாற்றினேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாவு கேட்கும் வீடு எது? மூன்று பெயருக்கு மேல் கூடாது. முதல் பெயருக்கு எடை அதிகம். இப்போது கோடுகள் உருப்படியாக விழுந்தன. என் வீட்டுப் புள்ளிதான், நானே போட்ட ஒற்றைக் கோட்டோடு நின்றது. எதிர்வீட்டு ஜெசிந்தாவிடம் காரணம் கேட்டேன்.

"மாவு வாங்கிக்கலாமுங்க. கூட வர்ற புத்திமதிய எங்கீங்க வெக்கறது?"

எடை ஒன்று

தனியாக இருக்கும் அருள்மேரி அக்காவின் எடை ஒன்று. எந்தக் குழுவில் ஓர் ஆள் குறைந்தாலும் மென்பொருள் அவரைத் தூக்கி அங்கே போட்டது. கடைசியில் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கக் குழுவில் விழுந்தார். முட்டி வலிக்காரர், வாராவார ஜெபக் கூட்டத்தை விட்டால் வேறெங்கும் போகாதவர். பட்டியலைப் பார்த்துக் கோபப்படவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "பக்கத்தூட்டு ரெஜினா கையப் புடிச்சுட்டுத்தான் வாரேன் அம்மணி. இனி வரலைன்னு எழுதிக்கோங்க" என்றார்.

அந்த இரண்டு வீட்டுக் கோட்டுக்கு எடை ஆயிரம் என்று போட்டேன். மென்பொருள் அக்காவைத் திருப்பித் தரவில்லை. ரெஜினா வீட்டு ஆறு பேரையும் சேர்த்து ரோட்டைத் தாண்ட வைத்தது. ரெஜினா சரி என்றுவிட்டாள். நான்தான் தயங்கிக்கொண்டே போய் அக்காவிடம் சொன்னேன்.

"அவ வாராளல்ல? அப்பறம் ரோடு என்னங்க ரோடு."

ஒரே ஒரு கோட்டைக் காப்பாற்ற ஆறு பேரை லாரிக்கு நடுவே நடக்கவிட்டுவிட்டு, சமமாகப் பிரித்தேன் என்று ஃபாதரிடம் நல்ல பெயர் வேறு வாங்கிக்கொண்டேன்.