மாமர நிழலுக்குப் போட்ட பாஸ்

ஏ.எல். பரீட்சை முடிந்து அக்காமார் ஐந்து பேரும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து டீம் என்றால் அந்த ஐந்து பேர்தான். மிச்சம் இருந்த நாங்கள், பெஞ்சில் உட்கார்ந்து அவர்களின் தண்ணிப் போத்தலைக் காத்தவர்கள். ஆடிய முதல் மேட்சிலேயே முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸிலேயே பி.டி. மிஸ் சொல்லிவிட்டார்: "அடுத்த மேட்ச்லயும் இருபதுக்கு மேல தோத்தா, கோர்ட்ட நெட்போல் டீமுக்குக் குடுத்துருவேன். பொறகு வந்து அழக் கூடாது."

எனக்கு அப்போதே அழுகை வந்தது. பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற இடம் என் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பலாபத்வலையில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கு பஸ்ஸில் வரும்போது, நிற்கிறவர்களுக்கு நடுவே தெரியும் சந்துகளில்கூட மனசுக்குள் பாஸ் போட்டுப் பார்க்கிறவள் நான்.

அதற்குள் நோன்பு வந்தது. எங்கள் ஐவரில் மூவர் நோன்பு பிடிப்பவர்கள், டீமிலேயே உயரமானவளும் சேர்த்து. இரண்டு மணி வெயிலில் அவர்களை ஓடு என்று எப்படிச் சொல்வது?

"நாங்க நிக்கிறோம். பந்து மட்டும் ஓடட்டும்," என்றாள் உயரமானவள்.

அதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் பயிற்சி. பந்தைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது; கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். கூடைக்கு இடப்பக்கம் மாமர நிழல் ஒரு பாய் அளவுக்கு விழும். அங்கே அவள் நிற்பாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தரையில் ஒருதரம் குதிக்கவிட்டு, எப்படிப் போட்டாலும் பந்து அந்த நிழலுக்குப் போய்ச் சேரும். நோன்பில்லாத நானும் மற்றவளும் டாய்லெட் பக்கம் ஒதுங்கித் தண்ணி குடிப்போம். "ஒளிச்சிக் குடிக்காதீங்கடி, எங்களுக்கு ஒண்ணுமில்ல," என்று உயரமானவள் சத்தம் போடுவாள். நெட்போல்காரிகளுக்கு ஒரே சிரிப்பு. "பேசாம எங்களோட வந்துருங்கடி! நாங்களும் இப்பிடித்தான் நின்னுக்கிட்டுப் போடுறோம்!"

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு மேட்ச். கண்டியில், கூரை போட்ட கோர்ட்.

என் முதல் பாஸ் நேரே வெளியே போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு, உயரமானவள் கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து கத்தினாள்: "அடியே, நோம்பு முடிஞ்சிருச்சு! நா இங்க ஓடுறேன், நீ யாருக்குப் போடுற?"

மரமே இல்லாத கோர்ட்டில் நான் மாமர நிழலுக்குப் பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கைக்கு வேறு இடம் தெரியவில்லை. பாதி ஆட்டத்துக்குள்ளேயே பதினெட்டுப் புள்ளி பின்னால்.

"என்னைய இந்த எடத்துலருந்து மாத்துங்க மிஸ்," என்றேன்.

மிஸ் வாய் திறக்குமுன் உயரமானவள் குறுக்கே வந்தாள். "மாத்த வேணாம் மிஸ். இங்க பாரு, நீ அங்கயே போடு. ஆனா கண்ண அந்தப் பக்கம் திருப்பாத. நா ஓடிவந்து எடுக்கிறேன்."

"வராட்டி?"

"வராட்டி எனக்கு நல்லா ஏசு."

நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் போட்டேன். ஆள் இல்லாத இடத்தை யார் காவல் காப்பார்கள்? பந்து தரையில் ஒருதரம் குதித்து எழும்பியபோது அங்கே அவள் கை இருந்தது. அடுத்த தடவையும் இருந்தது. எதிர்டீம்காரிகள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தபோது, மற்றவர்களுக்கு வழி திறந்தது. வருடங்கள் கழிந்து, இப்போது யூனிவர்சிட்டி கம்பஸில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு ஆடுகிறேன். அப்படிப் பார்க்காமல் போட இன்னும் பயமாக இருக்கிறது.

பதினான்கு புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றோம். விசில் ஊதியதும் நாங்கள் ஐவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்து, ஜெயித்தவர்கள் ஸ்கோர் போர்டை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

"தோத்துட்டு இவ்வளவு சத்தமா?" என்று பஸ்ஸில் மிஸ் ஏசினார். பஸ் அக்குறணையைத் தாண்டியது. பிறகு, திரும்பாமலே, "திங்கக்கெழம பந்துக்குக் காத்தடிக்கணும். யாரு வர்றீங்க?" என்றார்.

நாலு கை உடனே உயர்ந்தது. என் தோளில் சாய்ந்து கிடந்த உயரமானவள், கண்ணைத் திறக்காமலே ஐந்தாவது கையைத் தூக்கினாள்.